மூணாம் கவுன்டர்

அந்த சூப்பர்மார்க்கெட்டில் ஒன்பது வருஷம் மூணாம் கவுன்டரில் நின்றவள் அவள். உட்கார ஒரு ஸ்டூல் இருந்தது. ஆனால் வாடிக்கையாளர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று உத்தரவு. வாடிக்கையாளர் வராத நேரம் என்று ஒன்று கிடையாது. எதிரே இருந்த பத்து மாடிக் குடியிருப்பில் அவளுக்குப் பெயரே மூணாம் நம்பர் என்று ஆகிப்போனது. "மூணாம் நம்பர்ல போய் நில்லு, சட்டுனு வேலை முடியும்" என்பார்கள். அவள் கை அப்படி ஓடும்.

கையோடு சேர்ந்து கண்ணும் ஓடும். எந்த வீட்டில் எத்தனை தலை, யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டில் விருந்தாளி வந்து ஒரு வாரமாகியும் கிளம்பவில்லை என்பதெல்லாம் சாமான்களை நகர்த்தும் அந்தக் கறுப்பு பெல்ட்டில் ஊர்ந்து வந்து அவள் முன்னால் நிற்கும். ஏழாம் மாடிக்காரர் ஒரு மாதம் முழுக்க முட்டையும் ரொட்டியும் மட்டும் வாங்கியபோது, மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று அவளுக்குத் தெரிந்தது. திடீரென்று ஒருநாள் ரெண்டு கிலோ உருளைக்கிழங்கும் வாசனை சோப்பும் வந்தபோது, 'அப்பாடா, வந்துட்டாங்க' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இதில் ஒரு வார்த்தையையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளும் அதே குடியிருப்பில்தான், இரண்டாம் மாடியில், பள்ளிக்கூட வேன் ஓட்டும் புருஷனோடும் எட்டாவது படிக்கும் மகளோடும் வாடகைக்கு இருந்தாள். எல்லோர் முகத்திலும் தினமும் முழிக்க வேண்டியவள்.

அந்தக் கடைக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். வெயில் கொளுத்தும் நாளிலும் கழுத்தில் டையோடுதான் வருவார் என்பதால் வேலைக்காரர்கள் அவருக்கு டை என்றே பெயர் வைத்தார்கள். அவர் வந்த நாலாவது மாசம் சரக்கு இருப்பில் பெரிய ஓட்டை விழுந்தது. மேலிடம் காரணம் கேட்டது. டைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. கவுன்டருக்குக் கவுன்டர் வரிசை நீண்டு நின்றது. மூணாம் நம்பரின் வரிசையில் மட்டும் பதினோரு பேர், எல்லோரும் எதிர்க் குடியிருப்புக்காரர்கள். டை நேராக வந்தார்.

"பேக்கை எடுங்க."

"எதுக்கு சார்?"

"எடுங்கன்னு சொன்னேன்."

அவள் எடுப்பதற்குள் அவரே கவுன்டருக்கு அடியிலிருந்து அதை இழுத்து பெல்ட்டின் மேல் கவிழ்த்தார். சாவிக்கொத்து, சீப்பு, சாப்பாட்டு டப்பா, பாதி மாத்திரை அட்டை, மகளின் பழைய ஃபோட்டோ, அப்புறம் ஒரு சின்ன வலித்தைலப் பாட்டில். பெல்ட் ஓடிக்கொண்டிருந்ததால் எல்லாம் மெதுவாக நகர்ந்து வரிசையில் முதலில் நின்றவரின் காய்கறியோடு போய் முட்டின.

"இந்தத் தைலத்துக்கு பில் எங்க?"

"காலைல ரெண்டாம் கவுன்டர்லதான் வாங்கினேன் சார். பில்லை அங்கயே குப்பையில போட்டேன். மெஷின்ல பாத்தா தெரியும்."

டை மெஷினைப் பார்க்கவில்லை; பக்கத்துக் கவுன்டரைத் திரும்பிப் பார்த்தார். அங்கே நின்றவள் இவளுடைய கூட்டாளி. ஆறு வருஷமாக ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். அந்தத் தைலத்துக்கு பில் போட்டதும் அவள்தான். "இவங்க உங்கிட்ட வாங்கினாங்களா?" என்று டை கேட்டார். கூட்டாளி கல்லாப் பெட்டியைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள், திரும்பக் கல்லாப் பெட்டியைப் பார்த்தாள்.

"ஞாபகம் இல்ல சார்."

வரிசையில் நின்ற பதினோரு பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவதாக நின்றது கணக்கு டீச்சர். காலையில் தைலம் வாங்கியபோது, பால் வாங்க வந்த டீச்சர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். 'கால்வலியா? எனக்கும்தான்' என்றுகூடச் சொல்லியிருந்தார். மூணாம் நம்பர் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். டீச்சர் தன் தள்ளுவண்டிக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

போலீஸுக்குப் போகாமல் விடுவதே பெரிய மனசு என்று சொல்லி அவளை அன்றைக்கே அனுப்பினார்கள். மறுநாள் காலை கடையின் கண்ணாடியில், எல்லோரும் நடந்துபோகும் பக்கமாகப் பார்த்து, அடையாள அட்டையிலிருந்த அவள் படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். மேலே சிவப்பு எழுத்தில் 'திருட்டு ஜாக்கிரதை'. நாற்பத்தொரு நாள் அது அங்கே இருந்தது. மகள் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுப்பாதையில் போக ஆரம்பித்தாள். கேட்டதற்கு, "அந்தப் பக்கம் நிழல் இருக்கும்மா" என்றாள். அந்தப் பக்கம் ஒரு மரம்கூடக் கிடையாது.

அவள் அழுதது அன்றைக்கு ஒரு தடவைதான். பிறகு வயிற்றுக்குள் ஏதோ ஒன்று சூடாக உட்கார்ந்துகொண்டது. சாப்பிட்டாலும் அது அடங்கவில்லை, தூங்கினாலும் அடங்கவில்லை.

"விடு. வேற கடையில கேட்டுப் பாக்கலாம்" என்றார் புருஷன்.

"எனக்கு வேலை வேண்டாங்க. அந்தக் கடை ஈ ஓட்டணும். அதைப் பாக்கணும்."

"அது எத்தனை பெரிய கடை! நாம யாரு?"

"அந்தக் கடை வியாபாரத்துல பாதி இந்தக் குடியிருப்புதான். எனக்குத் தெரியாதா? பில் போட்டவ நான்."

இரண்டு வாரம் அவள் பால்கனியில் நின்று, கடைக்குச் சரக்கு இறங்கும் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்கறி லாரி எத்தனை மணிக்கு வருகிறது, முட்டை எந்த வண்டியில் வருகிறது என்று பார்த்தாள். கடை தன் பெயரைப் போட்டு விற்கும் துணிசோப்புத் தூள் எங்கே தயாராகிறது என்பது அவளுக்கு முன்னமே தெரியும். கிழிந்த பாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பும் சீட்டை எழுதியவள் அவள். ஊருக்கு வெளியே, தொழிற்பேட்டையின் பின்வரிசையில் ஒரு சின்ன ஷெட். ஒரு சனிக்கிழமை புருஷனின் வேனில் ஏறி அங்கே போய் நின்றாள்.

"அதே தூள்தான். ஆனா பத்து மூட்டைக்குக் கம்மியா தரமாட்டேன்" என்றார் ஷெட்காரர்.

"பத்து மூட்டை எடுத்துக்கறேன். ஒரு வாரம் டைம் குடுங்க."

வேனில் திரும்பும்போது புருஷன் அவளைப் பார்த்தார். "பத்து மூட்டையா? நாம துணி துவைச்சே செத்துப் போயிடுவோம்."

அவள் சிரிக்கவில்லை. மனசுக்குள் அந்த வரிசையை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினோரு பேர். யாருக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்பது உட்பட அவளுக்கு மனப்பாடம்.

அந்த வரிசைப்படியே அவள் கதவு தட்டினாள், அது முடிந்ததும் மற்ற வீடுகளை. நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டுவாள், அழுவாள் என்று பயந்துகொண்டே கதவைத் திறந்தவர்களிடம் ஒரு நோட்டையும் பேனாவையும் நீட்டினாள். "உங்க வீட்டுக்கு மாசம் மூணு கிலோ துணிசோப்புத் தூள் ஆகும். அதே தூள், அதே ஆளு செய்யறது, பாக்கெட்டு மட்டும் கிடையாது. சனிக்கிழமை காலைல கீழே கார் நிறுத்தற இடத்துல வந்து வாங்கிக்குங்க. இங்க எழுதுங்க."

எவரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாதவர்கள் குனிந்து நோட்டைப் பார்த்தார்கள். நோட்டைப் பார்த்தவர்கள் எழுதினார்கள். குடியிருப்போர் சங்கத்துச் செக்ரட்டரி அந்த வரிசையில் ஐந்தாவதாக நின்றவர். அவர் தேவைக்கு மேலேயே எழுதினார். "கார் நிறுத்தற இடத்தை உபயோகிக்க உங்க அனுமதி வேணும் சார்" என்றாள். "தாராளமா, தாராளமா" என்று அவர் ரெண்டு தடவை சொன்னார். வெட்கம் இத்தனை சல்லிசாகக் கிடைக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

தூளில் ஆரம்பித்தது முட்டைக்குப் போனது. முட்டையிலிருந்து வெங்காயம், உருளைக்கிழங்கு, அரிசி, எண்ணெய். நாற்பது மைல் தள்ளித் தக்காளி பயிரிடுகிற ஒருவரைக் கண்டுபிடித்தாள். முதல் தடவை எல்லாம் கூழாகிப் போயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்காரும் வேனில் கூடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள்; முதல் மேட்டிலேயே பாதி நசுங்கிவிட்டது. திங்கட்கிழமை பிள்ளைகள் தக்காளி நாற்றத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள், புருஷனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏச்சு விழுந்தது. "இதுக்குக் கடையே தேவலை" என்று ஒன்பதாம் மாடி அம்மா லிஃப்டில் சொன்னது அவள் காதுக்கு வந்தது. அடுத்த வாரம் தட்டையான பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரே அடுக்கு. ஒன்பதாம் மாடி அம்மாவுக்கு அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். "தொட்டுப் பாருங்க. கடையில பிளாஸ்டிக் சுத்தி வச்சிருப்பாங்க, தொட முடியாது. நான்தான் அதைச் சுத்தினவ, எதுக்குச் சுத்தறோம்னு எனக்குத் தெரியும்."

யார் வீட்டுக்கு என்ன தேவை என்று அவளுக்குத் தெரிந்திருந்ததால் எதையும் மிச்சம் வைக்காமல் வாங்க முடிந்தது. கடைக்காரன் ஆயிரம் பேருக்கு நினைத்து அடுக்கி வைப்பான். அவள் எண்பத்தாறு வீட்டுக்கு அளந்து வாங்கினாள். ஆறே மாதத்தில் குடியிருப்பின் நூறு வீட்டில் எண்பத்தாறு அவளிடம் வந்திருந்தது. மிச்சப் பதினாலை அவள் விட்டுவிடவில்லை. சாயங்காலம் வாசலில் நிற்பாள். கடையின் மஞ்சள் பையோடு யாராவது வந்தால் ஒன்றும் சொல்லமாட்டாள், பையை மட்டும் பார்ப்பாள். கொஞ்ச நாளில் ஆட்கள் மஞ்சள் பையை ஆபீஸ் பைக்குள் திணித்துக்கொண்டு, கடத்தல் சரக்கு கொண்டுவருவது போலப் பதுங்கிப் பதுங்கி லிஃப்டுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

"ஏம்மா, அவங்க ஒரு தீப்பெட்டி வாங்கினாக்கூட இப்படி முறைச்சா எப்படி?" என்றார் புருஷன்.

"தீப்பெட்டியா? நல்லவேளை சொன்னீங்க" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமை வேலைகளைக் குடியிருப்புக்காரர்களுக்கே பிரித்துக் கொடுத்தபோது, கணக்கு டீச்சருக்கு அவள் கொடுத்தது உருளைக்கிழங்கு. மண்ணோடு வரும் மூட்டையைப் பிரித்து, கெட்டதைப் பொறுக்கி, எடை போட வேண்டும்; முதுகு ஒடியும். டீச்சர் மறுபேச்சு பேசாமல் சனிக்கிழமைதோறும் ஆறு மணிக்கு வந்துவிடுவார். ஒருநாள் கை நிறைய மண்ணோடு நிமிர்ந்தார்.

"அன்னைக்கு நீங்க காசு குடுத்துத் தைலம் வாங்கினதை நான் பாத்தேன்."

"தெரியும் டீச்சர். நீங்க பாத்ததை நானும் பாத்தேன்."

"வண்டியில ஐஸ்கிரீம் இருந்துச்சு. உருகிட்டிருந்துச்சு. பிரச்சினை சீக்கிரம் முடிஞ்சா போதும்னு..." டீச்சர் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "இத்தனை மாசமா ஏன் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நீங்க மன்னிப்பு கேப்பீங்க. அப்புறம் நான் மன்னிக்கணும். எனக்கு அது இப்ப முடியாது டீச்சர். அந்த மூட்டையைப் பிரிங்க."

டீச்சர் பிரித்தார்.

கடையில் முதலில் 'ரெண்டு வாங்கினால் ஒன்று' என்று எழுதி ஒட்டினார்கள். அப்புறம் 'ஒன்று வாங்கினால் ஒன்று'. காய்கறிப் பகுதியை மூடி அங்கே சிப்ஸ் பாக்கெட்டுகளை நிறுத்தினார்கள். நாலு கவுன்டர் ரெண்டானது. டை, கார் நிறுத்துமிடத்தில் அனுமதியில்லாமல் வியாபாரம் நடக்கிறது என்று எழுதிக் குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார் அனுப்பினார். செக்ரட்டரி அந்தக் காகிதத்தை அவளிடமே கொண்டுவந்து காட்டினார். "வியாபாரம் இல்ல, வீட்டுக்காரங்க சேர்ந்து வாங்கிப் பங்கு போட்டுக்கறோம்னு பதில் எழுதிட்டேன்" என்று சொல்லிவிட்டு, பாராட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி நின்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை டையே இறங்கி வந்தார். நாற்பது பேர் பையோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவள் எண்ணெய் அளந்துகொண்டிருந்தாள்; நிமிரவில்லை.

"உங்ககிட்ட தனியா பேசணும்."

"இங்கயே பேசுங்க. எங்கிட்ட நீங்க எப்பவும் எல்லார் முன்னாடியும்தானே பேசுவீங்க."

டை கழுத்தைத் தடவிக்கொண்டார். "திரும்ப வேலைக்கு வாங்க. கவுன்டர்ல இல்ல. சூப்பர்வைசரா."

அவள் எண்ணெய் டின்னை மூடினாள். கையைத் துடைத்தாள்.

"என் படம் அந்தக் கண்ணாடியில நாப்பத்தொரு நாள் இருந்துச்சு. அதே இடத்துல உங்க படத்தை ஒட்டுங்க. 'இவர் ஒரு பொம்பளை மேல பொய்ப்பழி போட்டார்'னு கீழே எழுதுங்க. நாப்பத்தொரு நாள். நாப்பத்திரண்டாவது நாள் நான் வேலைக்கு வர்றேன்."

"ஹெட் ஆபீஸ் ஒத்துக்காது."

"அன்னைக்கு என் பேக்கைக் கொட்டறதுக்கு ஹெட் ஆபீஸைக் கேட்டீங்களா?"

டை கூட்டத்தைப் பார்த்தார், யாராவது ஒருத்தர் சமாதானமாக ஏதாவது சொல்வார்கள் என்று. அன்றைக்குப் போலவே இன்றைக்கும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர் படியேறிப் போகும் வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக வயிற்றுக்குள் இருந்த சூடு இனித்தது. ஒரு முழு நாள் இனித்தது.

மூன்று மாதத்தில் கடையை மூடினார்கள். சாமான் ஏற்றிய லாரி போன மறுநாள் மத்தியானம் அவள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வாசலில் ரெண்டாம் கவுன்டர்க்காரி, அந்தப் பழைய கூட்டாளி.

"திருப்தியா?" என்றாள் வந்தவள். "பதினெட்டு பேருக்கு வேலை போச்சு. எனக்கும்தான். உன் கோபத்துக்கு என் அடுப்பை அணைச்சிட்ட."

"அந்தத் தைலத்துக்கு பில் போட்டது யாரு?"

"நான்தான்! நான்தான் போட்டேன். சொல்லியிருந்தா அன்னைக்கு என் பேக்கையும் கொட்டியிருப்பான். வீட்டுக்காரர் படுக்கையில கிடந்தார், உனக்குத் தெரியும். எனக்கு உன்னை மாதிரி தைரியம் இல்ல. அது ஒரு குத்தமா?"

"ஆமா" என்று சொல்லி மூணாம் நம்பர் கதவைச் சாத்தினாள்.

சாத்தின பிறகு அவளால் நகர முடியவில்லை. அந்தப் பக்கம் கூட்டாளி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. செருப்புச் சத்தம் படியிறங்கியது. அவள் போட்ட கணக்கில் அந்தப் பதினெட்டு பேர் இருக்கவே இல்லை. தரை துடைத்தவர், மூட்டை இறக்கியவர், ட்ராலிகளை வரிசையாக நிறுத்தியவர். அவளைப் போலவே நின்று நின்று கால் வீங்கியவர்கள்.

சனிக்கிழமை காலை வேன் வந்து நின்றபோது, தக்காளிப் பெட்டிகளோடு கூட்டாளியும் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மூட்டை இறக்கியவரும் இறங்கினார். புருஷன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "வழியில நின்னுக்கிட்டிருந்தாங்க" என்றார். அவர் பொய் சொன்னால் காது சிவக்கும், சிவந்திருந்தது. எண்பத்தாறு வீடு இப்போது இருநூறு ஆகியிருந்தது, பக்கத்துக் குடியிருப்பிலிருந்தும் வந்துகொண்டிருந்தார்கள். ஆள் வேண்டியிருந்தது நிஜம்தான். அவள் கூட்டாளியிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தராசை மட்டும் அவள் பக்கமாகத் தள்ளிவைத்தாள். இருவரும் மத்தியானம் வரை எடை போட்டார்கள். சாப்பாட்டு வேளையில் தனித்தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"போதும்தானே?" என்றார் புருஷன் சாயங்காலம், இடத்தைக் கூட்டி ஒதுக்கும்போது. "கடையும் போச்சு. கேட்டதைவிட அதிகமாவே ஆச்சு."

"அவன் எங்கங்க?"

"யாரு?"

"டை. மத்த எல்லாருக்கும் வேலை போச்சே. அவனுக்கு?"

கூட்டாளிக்குத் தெரிந்திருந்தது. தராசைத் துடைத்துக்கொண்டே, இவளைப் பார்க்காமல், காற்றிடம் சொல்வது போலச் சொன்னாள். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் கிளைக்கு மாற்றல். இதைவிடப் பெரிய கிளை. சம்பள உயர்வோடு.

செவ்வாய்க்கிழமை காலை, மகள் பள்ளிக்கூடம் போனதும் அவள் பஸ் ஏறினாள். பஸ் ஒன்றரை மணி நேரம் ஓடியது. இறங்கிய இடத்தில் அதே மஞ்சள் பலகை, அதே கண்ணாடி, ஆறு கவுன்டர். எதிரே நாலு குடியிருப்புகள், ஒவ்வொன்றும் பன்னிரண்டு மாடி. கழுத்து வலிக்க நிமிர்ந்து பால்கனிகளை எண்ணினாள். காயப்போட்ட துணிகளைப் பார்த்தாள். குழந்தைத் துணி, ஸ்கூல் யூனிஃபார்ம், ஆஸ்பத்திரி நர்ஸ் உடுப்பு. எந்த வீட்டுக்கு எவ்வளவு தூள் ஆகும் என்று கை தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. இந்தக் கடையிலும் ஒரு இருபது பேர் நின்று நின்று கால் வீங்குவார்கள் என்பது நினைவுக்கு வந்தது. கடை மூடினால் அவர்களுக்கும் ஒரு தராசு வேண்டியிருக்கும். முதலில் அதைத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று முடிவு செய்தாள். அதற்காகத் திரும்பிப் போகும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை.

கண்ணாடிக்கு உள்ளே டை நின்றுகொண்டிருந்தார். யாரையோ விரல் நீட்டித் திட்டிக்கொண்டிருந்தவர், தற்செயலாகத் தெருப்பக்கம் திரும்பினார். நீட்டிய விரல் அப்படியே நின்றது.

அவள் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, கையும் ஆட்டவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு கையிலும் கனத்த மஞ்சள் பைகளோடு ஒரு பெண் வெளியே வந்தாள். விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. மூணாம் நம்பர் வேகமாக நடந்துபோய் ஒரு பையின் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுங்கக்கா, நான் தூக்கிட்டு வர்றேன். எந்த பில்டிங் நீங்க? முட்டை எத்தனை நாளைக்கு ஒரு தடவை வாங்கறீங்க?"